காப்பி காயும் மாடிக்கு என்ன பூசுவது

“ஊட்டுல ஆம்பளைங்க யாராச்சும் வரலீங்களா?”

மாடி ஒழுகுகிறது, என்ன பூசலாம் என்று நான் கேட்டதற்கு, ஏற்காடு கடைத்தெருவில் பெயிண்டும் பைப்பும் விற்கிறவர் சொன்ன முதல் பதில் இது. நான் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவள். அந்தக் கடைக்காரரின் பிள்ளைகளுக்கே தமிழ் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். எழுவாய் பயனிலை சொல்லிக்கொடுத்தவளுக்கு எதைப் பூசினால் தண்ணீர் நிற்கும் என்பது மட்டும் புரியாது என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

“ஒழுகறது எங்க ஊடுங்க பாய். அதுக்குக் கீழ படுக்கறவ நான். எங்கிட்டயே சொல்லுங்க” என்றேன்.

அவர் சங்கடமாகச் சிரித்துவிட்டு ஒரு வெள்ளை டிரம்மைத் தட்டிக் காட்டினார். “தார்சு மாடிக்குன்னா இதுதானுங்க. சேலத்துல இதுதான் நொம்ப ஓடுது. வெயிலே உள்ள எறங்காது.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஐப்பசியில் துவைத்த புடவை வாரக் கணக்கில் கொடியில் தொங்குகிற ஊர் இது. இங்கே வெயில் இறங்குகிறது என்று யார் அழுதார்கள்? சேலத்தில் வெந்து சாகிறவர்களுக்காகச் செய்த சரக்கை மலைமேல் ஏற்றிக் கொண்டுவந்து எங்கள் தலையில் பூசப் பார்க்கிறார்கள். குடையை விரித்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன்.

எங்கள் வீடு கொட்டச்சேடு போகிற வழியில் இருக்கிறது. அப்பா ஒரு எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தார். கொஞ்சம் காப்பி நிலம் வாங்கி அதன் தலைமாட்டில் இந்த வீட்டைக் கட்டினார். சரிவான இடம். காப்பி காயவைக்கத் தனியாகக் களம் போட ஒரு சமதளம் கிடையாது. அதனால் வீட்டு மாடியையே களமாகப் போட்டுவிட்டார். கான்கிரீட்டின் மேல் சிவப்புத் தட்டை ஓடுகள் பதித்து, ஒரு பக்கமாக வாட்டம் கொடுத்து, முழங்கால் உயரத்துக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்பினார். பறித்த பழத்தை அங்கேதான் கொட்டிப் பரப்ப வேண்டும். காலையிலிருந்து மாலை வரை கைப்பிடி போட்ட மரப்பலகையால் இழுத்து இழுத்துப் புரட்ட வேண்டும். பனி இறங்குவதற்குள் குவித்துத் தார்பாய் போட்டு மூட வேண்டும். காப்பி முடிந்ததும் மிளகு. மார்கழியிலிருந்து பங்குனி வரை அந்த மாடி சும்மா இருந்ததே இல்லை.

அப்பா வீட்டை எனக்கும் என் தம்பிக்கும் சேர்த்து விட்டுப் போனார். தம்பி சேலத்தில் வீடு கட்டிக்கொண்டு அங்கேயே இருக்கிறான். பொங்கலுக்கும் மே மாதத்திலும் குடும்பத்தோடு வருவான். என் கணவர் போன பிறகு நான் தனியாக இங்கேதான் இருக்கிறேன். ஓய்வூதியம் சோற்றுக்கு வந்துவிடுகிறது. ஆனால் மனுஷிக்குச் சோறு மட்டும் போதுமா? பழத்தைப் பச்சையாகக் காப்பி வாங்குகிற ஏஜெண்டிடம் கொடுத்தால் அவன் சொன்னதுதான் தரம், அவன் வந்ததுதான் நேரம். காயவைத்து மூட்டை கட்டி உள்ளே அடுக்கிவிட்டால், அவன் வந்து வாசலில் நின்று, “ஏனுங்க டீச்சர், இப்பக் குடுக்கறீங்களா?” என்று கேட்க வேண்டும். யோசித்துச் சொல்கிறேன் என்று நான் சொல்வேன். அந்த வார்த்தையைச் சொல்கிற தெம்பு எனக்கு அந்த மாடியிலிருந்துதான் வந்தது. மாடி போனால் அதுவும் போய்விடும்.

ஒழுகலுக்குக் காரணமும் அந்தப் பலகைதான், மறைக்கவில்லை. வருஷக்கணக்காக இழுத்ததில் ஓடுகளுக்கு நடுவே வைத்த சிமெண்ட் தேய்ந்து போயிற்று. போன வடகிழக்குப் பருவமழையில் கூடத்து மேற்கூரை முழுக்க ஓதம் பூத்துவிட்டது. கட்டிலை இந்த மூலைக்கு இழுத்தேன், அந்த மூலைக்கு இழுத்தேன். ஒழுகல் என் பின்னாலேயே வந்தது. முந்தின வருஷத்து மூட்டைகள் சில அடியில் பூசணம் பிடித்துக் கெட்டுப் போயின. அவற்றை என் கையாலேயே குப்பைக்குழியில் கொட்டினேன்.

அதன் பிறகுதான் யோசனை சொல்கிறவர்கள் படையெடுத்தார்கள். பக்கத்து எஸ்டேட்காரர், “தார் அடிச்சு உடுங்க, ஜென்மத்துக்கும் ஒழுகாது” என்றார். தார் வாசனையில் காப்பி என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் எஸ்டேட்டில் தார் அடித்தது வேலைக்காரர்களின் லைன் வீடுகளுக்கு, அங்கே காப்பி காயாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கைப்பேசியில் காணொளி பார்த்துக் கண் வீங்கியது. எல்லாவற்றிலும் ஒரு ஆள் பளபளவென்று தரையில் வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சிரிக்கிறான். ஒருவனாவது அந்தத் தரையில் ஒரு மரப்பலகையைப் போட்டு இழுத்துக் காட்டினானா? ஒரு கம்பெனிக்குப் போன் செய்து கேட்டேன்.

“மாடில நடமாட்டம் இருக்குமா மேடம்?”

“நடமாட்டம் கம்மி. ஆனா நாள் பூரா பலகை போட்டு இழுப்போம்.”

போனில் பேசிய பையன் மிகுந்த மரியாதையோடு, “அப்போ அதை மட்டும் நிறுத்திடுங்க மேடம்” என்றான்.

இவர்களுடைய பெயிண்டுக்காக நான் என் வேலையை நிறுத்த வேண்டுமாம். போனை வைத்துவிட்டுக் கொல்லையில் நின்று சத்தமாகவே திட்டினேன். கேட்க யாரும் இல்லை என்பதால் நன்றாகவே திட்டினேன்.

பிறகு நானே இறங்கினேன். வெளியே இருக்கிற குளியலறைக்கு மேலே சின்னதாக ஒரு தளம் உண்டு. அதைக் கழுவிக் காயவைத்து மூன்று பங்காகப் பிரித்தேன். ஒன்றில் கறுப்பு ரப்பர் பூச்சு, தார் கலந்தது. ஒன்றில் பாய் கடையின் வெள்ளைப் பூச்சு. மூன்றாவதில் சாம்பல் நிறத்தில் ஒரு சரக்கு, சிமெண்ட் போன்ற பொடி ஒரு பை, பால் போன்ற ஒரு திரவம் ஒரு கேன். இரண்டையும் குழைத்துப் பிரஷ்ஷால் அடிக்க வேண்டும், மேலே மெல்லிசாகச் சிமெண்ட் பூசி விட வேண்டும். எல்லாம் இறுகிய பிறகு, அந்த வருஷத்து முதல் பறிப்பில் கொஞ்சம் எடுத்து மூன்றிலும் தனித்தனியாகப் பரப்பினேன். பலகைக்குப் பதில் ஒரு கட்டைத் துண்டால் விடாமல் புரட்டினேன். காய்ந்ததும் தனித்தனியாகக் குத்தித் தோல் நீக்கி, தனித்தனியாக வறுத்து, தனித்தனியாகப் பொடித்து வைத்தேன். பொங்கலுக்குத் தம்பி வந்தபோது மூன்று டிகாஷன் போட்டேன். பால் விடவில்லை. பாலை விட்டால் குற்றம் மறைந்துவிடும்.

பூச்சு வாங்குவதற்குக் காப்பி குடித்துப் பார்க்கிறவளை எங்கேயும் பார்த்ததில்லை என்று தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். ஆனால் குடித்தான். கறுப்பில் காய்ந்ததை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான். “ரோடு போடற எடத்துல நிக்கற மாதிரி இருக்குது அக்கா.” வெள்ளையில் காய்ந்ததில் வாசனை அவ்வளவாக இல்லை, ஆனால் பூச்சு பொடிப்பொடியாக உரிந்து பருப்போடு வந்திருந்தது. கையில் எடுத்துக் காட்டினேன். சாம்பலில் காய்ந்ததை டம்ளர் காலியாகும் வரை குடித்தான். இன்னும் இருக்கிறதா என்றும் கேட்டான்.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், அவனுக்குத் தெரியும். அவன் நாக்குக்கே தெரியும்.

“சாம்பல் சரக்கு இங்க அவ்வளவா கெடைக்காது அக்கா. சேலத்துல இருந்து ஆளும் சரக்கும் நான் அனுப்பறேன். நீ அலையாத” என்று அவன் சொன்னபோது எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. தம்பி என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும் என்று நினைத்தேன். இப்போது நினைத்தாலும் அந்தக் குளிர்ச்சிதான் அதிகமாக எரிகிறது.

மிளகு முடிந்து கோடைமழை பிடிப்பதற்குள் இருக்கிற இடைவெளியில்தான் பூச வேண்டும். அந்தச் சமயம் பார்த்து ஊரிலுள்ள கொத்தனார்கள் எல்லோரும் லாட்ஜுகளுக்கு வெள்ளையடிக்கப் போய்விடுவார்கள். சீசனுக்கு வருகிறவர்களுக்குச் சுவர் பளிச்சென்று இருக்க வேண்டுமே. ஆகவே சேலத்து ஆட்களுக்காகக் காத்திருந்தேன். அவர்கள் வருவதாகச் சொன்ன நாளுக்கு முன்னதாகவே வந்துவிட்டார்கள். அன்று நான் வீட்டில் இல்லை. எங்கள் தோட்டத்துக்குப் பழம் பறிக்க வருகிறவளின் பேத்திக்குச் செம்மநத்தத்தில் காதுகுத்து. காலையில் போய்விட்டுச் சாப்பாடு முடிந்து பஸ்ஸைப் பிடித்துத் திரும்பினேன். வீட்டு வளைவில் இறங்கும்போதே வாசனை வந்தது. ரோடு போடுகிற இடத்து வாசனை.

மாடிப்படி வெளியில்தான் இருக்கிறது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினேன். கிழக்குப் பாதி முழுக்கக் கறுப்பு. ஓடே தெரியவில்லை. மேற்குப் பாதியில் இரண்டு பேர் கூட்டிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி போலிருந்தவர் என்னைப் பார்த்ததும் பூச்சு உருளையைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார்.

“வாங்கம்மா. சாயந்தரத்துக்குள்ள முடிச்சுப்போடலாமுங்க. பிளாஸ்டிக் புல்லு விரிப்பு மட்டும் கேக்கோணும்னு இருந்தேன். முழுசுக்கும் வருதுங்களா, இல்ல டென்ட்டு அடிக்கற எடத்துக்கு மட்டுங்களா?”

“எந்த டென்ட்டுங்க?”

அவர் என்னையும் கீழே நின்ற வேனையும் மாறி மாறிப் பார்த்தார். “சார் சொன்னாருங்களே. மேல டென்ட்டுப் போட்டு வாடகைக்கு உடறதாட்டம். புல்லு விரிப்புக்கு அடியில ஈரம் நிக்குமுங்க, அதுக்கு இந்தச் சரக்குதான் தாங்கும்னு நான்தான் சொன்னேன்.”

அவர்மேல் தப்பில்லை. அவர் தனக்குச் சொன்ன வேலைக்குச் சரியான சரக்கைத்தான் போட்டிருந்தார். “நிறுத்துங்க. ஒரு பொட்டு கூட வெக்காதீங்க” என்றேன். அவர்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். நான் அந்த இடத்திலேயே நின்று தம்பிக்குப் போன் போட்டேன்.

“யாருடா டென்ட் போடறது?”

கொஞ்சம் இழுத்தான். “அக்கா, கோவப்படாம கேளு. தங்கறதுக்கு எடம் நடத்தறவர் ஒருத்தர். நொம்ப நல்ல மனுசன். மாடியை மட்டும் கேக்கறாரு. வெள்ளி சனி ஞாயிறுதான் ஆளுங்க வருவாங்க. மேல இருந்து பாத்தா பள்ளத்தாக்கு தெரியுதுல்ல, அதுக்கு.”

“காப்பியை எங்கடா காயவெப்பேன்?”

“பழமாவே ஏஜெண்டுக்குக் குடுத்துரு. எல்லாரும் அப்படித்தான குடுக்கறாங்க?”

“எங்கிட்ட ஏன்டா கேக்கல?”

“கேட்டா ஒத்துக்க மாட்ட.”

எவ்வளவு எளிமையாகச் சொன்னான் பாருங்கள். ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று தெரிந்தே கேட்கவில்லையாம். பூசி முடித்துவிட்டால் வாயை மூடிக்கொள்வேன் என்று கணக்குப் போட்டிருக்கிறான். பிறகு, ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, அதைவிடப் பெரிதாக ஒன்று சொன்னான். “இன்னும் எத்தன நாளைக்கு அக்கா பலகை இழுப்ப? உன் வயசென்ன? உனக்காகத்தான் பண்ணேன்.”

எனக்காக. இந்த ஒரு வார்த்தையைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. ஆசைப்பட்டேன் அக்கா, பணம் வருகிறது என்று சொல்லியிருந்தால் திட்டிவிட்டுச் சோறு போட்டிருப்பேன். எனக்காக என் கையிலிருந்து பலகையைப் பிடுங்குகிறானாம்.

மறுநாள் வந்தான். மாடியில் நின்று பேசினோம், பேசினோம் என்பதைவிடக் கத்தினோம் என்பதே சரி. அப்பா பெயரை அவனும் இழுத்தான், நானும் இழுத்தேன். மூன்று டம்ளர் காப்பியை ஞாபகப்படுத்தினேன். அவன் கைப்பிடிச் சுவரைப் பார்த்துக்கொண்டு, “பாதி என்னுதுதான அக்கா?” என்றான்.

“உன்னுதுதான். யாரு இல்லைன்னா? இந்தக் கறுப்புப் பாதியை வெச்சுக்கோ. டென்ட் போடு, கூத்தடி. உன் ஆளுங்க ஒருத்தன் என் பாதியில கால வெச்சா கால ஒடிச்சுப்போடுவேன்.”

நல்ல மனுஷனான டென்ட்காரர் ஒருநாள் வந்து பார்த்தார். பாதி மாடியையும், அதன் எல்லையில் இடுப்பில் கைவைத்து நின்ற என்னையும் பார்த்தார். தண்ணீர் கூடக் குடிக்காமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். தம்பி அதன் பிறகு பேசவில்லை. கறுப்புப் பாதி அப்படியே கிடந்தது. வாழவந்தியிலிருந்து ஒரு கொத்தனாரைக் கெஞ்சிக் கூட்டிவந்து என் பாதிக்குச் சாம்பல் பூச்சு பூசினேன். ஓட்டு இடுக்கெல்லாம் சுரண்டி அடைத்து, இரண்டு முறை அடித்து, மேலே சிமெண்டும் பூசி, ஈரச்சாக்கு போட்டு நனைத்தேன். கல் மாதிரி இறுகிவிட்டது. பலகையை எடுத்துப் போய் வெறுந்தரையிலேயே இழுத்துப் பார்த்தேன். கீறல் விழவில்லை. அன்று சந்தோஷமாக இருந்தேன் என்றே சொல்லலாம்.

ஆனியில் மழை இறங்கியது. முதல் நாள் கூடத்தில் அண்ணாந்து பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவன் பாதி ஒழுகவில்லை. என் பாதியும் ஒழுகவில்லை. நடுவில் ஒழுகியது. கூடத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை, கோடு போட்டது போல, வரிசையாகச் சொட்டியது. மேலே போய்ப் பார்த்தேன். கறுப்பும் சாம்பலும் சேருகிற இடத்தில் இரண்டும் ஒன்றையொன்று பிடிக்காமல் வாய் பிளந்து நின்றன. அந்த வாயில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது வீடு.

மறுபடியும் பாய் கடைக்குப் போனேன். இந்த முறை அவர் ஆம்பளையைக் கேட்கவில்லை. சொன்னதை முழுக்கக் கேட்டுக்கொண்டார். விரிசல் அடைக்கிற சீலன்ட் டியூபுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணாடி போட்டுப் படித்தார். எனக்கு அதில் ஒன்று வேண்டியிருந்தது, இரண்டு பக்கமும் ஒட்டுகிற ஒன்று. அதை வாங்கி அந்தக் கோட்டில் வைத்து அடைத்துவிட்டால் தம்பிக்குப் போன் செய்து, வாடா சாப்பிட, என்று சொல்லிவிடலாம் என்றுகூட வழியில் நினைத்துக்கொண்டு போயிருந்தேன்.

“சிமெண்ட்டுல ஒட்டறது கறுப்புல நிக்காதுங்க டீச்சர். கறுப்புல நிக்கறது சிமெண்ட்டுல உரிஞ்சுக்கும். ரெண்டுல ஒண்ணை எடுத்தாத்தானுங்க ஆகும்” என்றார்.

“எதை எடுக்கறது?”

அவர் டியூபுகளைத் திரும்ப அடுக்க ஆரம்பித்தார். அவர் கடை அது, என் வீடு அது. அதற்கு மேல் அவர் என்ன சொல்ல முடியும்? நான் சுரண்டுகிற தகடு ஒன்றும் கையுறை ஒரு ஜோடியும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

மழை விட்டு வெயில் காட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடிக்குப் போய் உட்கார்ந்தேன். அந்தப் பூச்சு சுலபத்தில் வரவில்லை. நல்ல சரக்கு, நன்றாகவே பிடித்திருந்தது. தகட்டைக் கொடுத்துச் சுத்தியால் தட்டினால் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு எழும்பும். அதை இழுத்தால் ஓட்டுச் செதிலும் கூடவே வரும். முதுகு விட்டுப்போயிற்று. கண்ணில் நீர் வந்தது. வாசனையால்தான் என்று யாராவது கேட்டால் சொல்லியிருப்பேன். முழங்காலில் தவழ்ந்து தவழ்ந்து, கோட்டிலிருந்து கிழக்கே, என் புடவை அகலத்துக்கு ஓட்டின் சிவப்பு தெரிகிற அளவுக்கு வந்துவிட்டேன்.

அப்போது போன் அடித்தது. தம்பி. சித்திரையிலிருந்து அவன் குரலை நான் கேட்கவில்லை. ஒரு கையால் எடுத்துக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் செருகிக்கொண்டேன்.

“அக்கா, நல்லா இருக்கியா? மழை ஜாஸ்தின்னு சொன்னாங்க. ஒழுகுதா?” என்று மெதுவாகக் கேட்டான்.

“ஒழுகுது.”

“யாருது ஒழுகுது?”

தகட்டை வைத்து இன்னொரு தட்டுத் தட்டினேன்.

“என்னக்கா சத்தம் அது? மாடியிலயா இருக்க? என்ன பண்ற?”

“சுரண்டிட்டு இருக்கேன்.”

“எந்தப் பாதியை?”

அவன் பாதியிலிருந்து கறுப்புத் துண்டொன்று எழும்பிக்கொண்டு வந்தது. அதைப் பிடித்து இழுத்துக்கொண்டே, “என்னுதை” என்றேன்.